சூளைக் கண்ணாடிக் கலை: கருவிகளும் நுட்பங்களும்

சூளைக் கண்ணாடிக் கலை என்பது, ஏற்கெனவே ஆக்கி முடித்த கண்ணாடியைத் தகடு, குருணை, பொடி, கட்டி ஆகிய வடிவங்களில் எடுத்து, குளிர்ந்த நிலையிலேயே அடுக்கி, சூளைக்குள் வைத்துச் சூடாக்கி உருமாற்றும் கலையாகும். ஊதுகண்ணாடிக் கலைஞர் உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் நுனியில் சுழற்றியபடியே வடிவமைக்கிறார். பிழை நேர்ந்தால் அந்த நொடியிலேயே கண்டு திருத்த அவருக்கு வாய்ப்புண்டு. சூளைக் கலைஞருக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பு இல்லை. மூடியைச் சாத்திய பின் அவருடைய கை உள்ளே போவதில்லை. வெப்பமும் நேரமும் புவியீர்ப்பும்தான் வேலை செய்கின்றன. ஆகையால் இக்கலையின் முதன்மைக் கருவிகள் அளப்பவையாகவும், ஒட்டாமல் தடுப்பவையாகவும், ஓடாமல் அணை கட்டுபவையாகவும் இருக்கின்றன. அழகாக உருகி வந்த ஒரு தட்டு, சூளையை விட்டு வெளியே எடுத்துப் பல வாரங்கள் கழித்து அலமாரியில் இருந்தபடியே விரிசல் விடலாம். அது ஏன் நிகழ்கிறது, எப்படித் தவிர்ப்பது என்பதை அறிவதே இக்கலையின் பெரும்பகுதி.

இக்கட்டுரையில் தரப்படும் வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியசு பாகையில் உள்ளவை.

வரலாறு

கண்ணாடியை ஊதி வடிவமைக்கும் முறை கி.மு. முதல் நூற்றாண்டளவில்தான் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளில் மெசொப்பொத்தேமியாவிலும் எகிப்திலும் செய்யப்பட்ட கண்ணாடிப் பொருள்களில் ஒரு பகுதி அச்சில் வார்த்தும், துண்டுகளை இணைத்து உருக்கியும் ஆக்கப்பட்டவை. துருக்கியின் உலுபுருன் முனைக்கு அருகே கடலடியில் கிடைத்த, கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கப்பலில் நீல நிறக் கண்ணாடிக் கட்டிகள் நூற்றுக்கு மேல் இருந்தன. கண்ணாடியை ஆக்குபவர் ஒருவர், அதை வாங்கி மீண்டும் உருக்கிப் பொருள் செய்பவர் வேறொருவர் என்ற பிரிவு அன்றே இருந்தது என்பதற்கு அக்கட்டிகள் சான்று. இன்றைய சூளைக் கலைஞரும் தம் கண்ணாடியைத் தாமே ஆக்குவதில்லை, தொழிற்சாலையிலிருந்து வாங்குகிறார்.

ஊதும் முறை வந்தபின் சூளை முறை பின்னுக்குத் தள்ளப்பட்டது. ஒரு குவளையைச் சில நிமிடங்களில் ஊதிவிட முடியும்போது, நாள் கணக்கில் சூளைக்குக் காத்திருப்பவர் குறைவுதானே. ஏறத்தாழ 1,800 ஆண்டுகள் கழித்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுச் சிற்பி ஆன்றி குரோ கண்ணாடிப் பொடியைப் பசையாகக் குழைத்து அச்சில் அப்பிச் சுடும் முறையை மீட்டெடுத்தார். இம்முறை 'பாத் தெ வேர்', அதாவது கண்ணாடிப் பிசைவு, எனப்படுகிறது. 1891இல் பிரெஞ்சு அரசு அவருக்குச் செவ்ர் பீங்கான் தொழிலகத்தில் ஒரு பட்டறை கொடுத்தது. அவரைத் தொடர்ந்து பிரான்சுவா தெக்கோர்ஷ்மோன், அமல்ரிக் வால்டர், கபிரியேல் ஆர்ஜி-ரூசோ ஆகியோர் இம்முறையில் பணியாற்றினர். ஒவ்வொருவரும் தத்தம் செய்முறையைப் பெரிதும் மறைத்தே வைத்திருந்ததால், அவர்களுக்குப் பின் வந்தவர்கள் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் பிரான்சிசு இக்கின்சு, மைக்கேல் இக்கின்சு இணையர் 1948 முதல் தகடுகளை இணைத்துருக்கித் தட்டுகளும் கிண்ணங்களும் செய்தனர். செக் நாட்டில் சுதனிசுலாவ் லிபென்சுகி, யாரொசுலாவா பிரிக்தோவா இணையர் அச்சில் வார்த்த பெருஞ்சிற்பங்களால் உலகின் கவனத்தை ஈர்த்தனர். ஆனால் இக்கலை பலரும் செய்யத்தக்கதாக மாறியது ஒரு பொருளின் வரவால்தான்: ஒன்றோடொன்று பொருந்தும் என்று சோதித்து விற்கப்பட்ட வண்ணக் கண்ணாடி. ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் 1974இல் மூன்று கண்ணாடிக் கலைஞர்கள் தொடங்கிய புல்சை நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் செருமனியின் ஆம்பர்க்கில் பிறந்த கிளாசு மோயே குறிப்பிடத்தக்கவர். கண்ணாடிக் கீற்றுகளை நெசவு போல அடுக்கி உருக்கும் அவருக்கு, விரிசல் விடாமல் சேரும் பல நிறங்கள் தேவைப்பட்டன. 1982இல் அவர் ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்குச் சென்று அங்குள்ள கலைப்பள்ளியில் கண்ணாடித் துறையைத் தொடங்கினார்.

கண்ணாடியும் பொருத்தமும்

எல்லாக் கண்ணாடியும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும். எவ்வளவு என்பதுதான் வகைக்கு வகை மாறுகிறது. ஒரு பாகை சூடேறும்போது ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு விரிகிறது என்பதை வெப்ப விரிவுக் கெழு குறிக்கிறது. சூளைக் கலையில் இதைக் கோடியின் பங்காகச் சொல்வது வழக்கம். கடைகளில் '90' என்றும் '96' என்றும் எழுதி விற்கப்படும் தகடுகளின் எண் இதுதான்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகத் தோன்றும். 30 செ.மீ. நீளமுள்ள '90' கீற்று 500 பாகையிலிருந்து அறை வெப்பத்துக்கு வரும்போது ஏறத்தாழ 1.3 மி.மீ. சுருங்கும், '96' கீற்று ஏறத்தாழ 1.4 மி.மீ. சுருங்கும். வேறுபாடு ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். ஆனால் இரண்டும் ஒன்றாக உருகி ஒட்டியிருப்பதால், ஒன்று சுருங்க விரும்பும் அளவுக்கு மற்றது விடுவதில்லை. கண்ணாடி அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவையைத் தாங்காது. எனவே இழுபடும் பக்கத்தில் விரிசல் தொடங்குகிறது. சில துண்டுகள் சூளையிலேயே உடையும். சில பல மாதம் கழித்து உடையும்.

விரிவுக் கெழு ஒன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கை தொடக்கநிலைக் கலைஞர்களிடம் பரவலாக உண்டு. அது தவறானது. கண்ணாடி கெட்டிப்படும் வெப்ப எல்லையில் அதன் பாகுத்தன்மை எப்படி மாறுகிறது என்பதும் பொருத்தத்தை முடிவு செய்கிறது. ஆகவே எண்ணைவிடச் சோதனையே நம்பத்தக்கது. நிறமற்ற ஒரு கீற்றின்மேல் ஐயத்துக்குரிய கண்ணாடியின் சிறு சில்லுகளை வைத்து முழுதாக உருக்கி, ஆற்றி எடுக்க வேண்டும். பின்னர் அதை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிய இரண்டு முனைவாக்கு வடிகட்டிகளுக்கு நடுவே வைத்து ஒளியில் பார்க்க வேண்டும். பொருத்தம் இருந்தால் கீற்று இருண்டே தெரியும். இல்லாவிட்டால் சில்லைச் சுற்றி நிலவைச் சுற்றிய வட்டம் போல ஒளிவளையம் தோன்றும். அந்த வளையம் உள்ளே தங்கிவிட்ட தகைவைக் காட்டுகிறது. கேமரா கடையில் கிடைக்கும் இரண்டு வடிகட்டித் தாள்களும் ஒரு விளக்கும் இதற்குப் போதும். இத்துறையின் கருவிகளில் மிக மலிவானதும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே.

சாளரங்களில் இடப்படும் மிதவைக் கண்ணாடியையும் சூளையில் பயன்படுத்தலாம். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுத் தகடாக்கும் இம்முறையைப் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. தமிழ்நாட்டில் திருப்பெரும்புதூரில் இவ்வகைத் தொழிற்சாலை இயங்குவதால், விலை மிகுந்த இறக்குமதித் தகடுகளுக்கு மாற்றாக இது எளிதில் கிடைக்கும். ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் மிதவைக் கண்ணாடிகள் தமக்குள் பொருந்தும் என்று சொல்ல முடியாது; ஒரே தகட்டிலிருந்து வெட்டிய துண்டுகளையே சேர்ப்பது பாதுகாப்பு. தகட்டின் ஒரு முகத்தில் கண்ணுக்குத் தெரியாத வெள்ளீயப் படலம் இருக்கும். குற்றலைப் புறஊதா விளக்கைக் காட்டினால் அம்முகம் மங்கலாக ஒளிரும். இதைக் கவனிக்காமல் சூளையில் வளைத்தால் அம்முகத்தில் சாம்பல் நிறப் பனிப்படலம் போன்ற மங்கல் ஏற்படக்கூடும்.

வண்ணக் கண்ணாடியின் நிறங்கள் உலோகச் சேர்மங்களால் வருபவை. கோபால்ட்டு நீலம் தரும், செம்பு பச்சையும் நீலப்பச்சையும் தரும், பொன் இளஞ்சிவப்பு தரும், காட்மியமும் செலினியமும் கந்தகமும் சேர்ந்து மஞ்சள் முதல் சிவப்பு வரை தரும். பொன் சேர்த்த தகடுகள் கடையில் வாங்கும்போது ஏறக்குறைய நிறமற்று இருக்கும். சூளையில் சுட்டபின்தான் நிறம் எழும். செம்பு உள்ள கண்ணாடி, கந்தகமோ செலினியமோ உள்ள கண்ணாடியைத் தொடும் இடத்தில் பழுப்பு நிறக் கோடு விழும். தெரியாமல் நேர்ந்தால் அது குறை. தெரிந்து செய்பவர்கள் மை தொட்டு வரைந்தது போன்ற ஓரங்களை இதனால் பெறுகிறார்கள்.

சூளையும் கட்டுப்பாட்டுக் கருவியும்

குயவர் பயன்படுத்தும் மின்சூளையில் வெப்பக் கம்பிகள் பக்கச் சுவர்களில் இருக்கும். கண்ணாடிக்கான சூளை ஆழம் குறைந்து, அகன்று, கம்பிகள் மூடியில் அமைந்திருக்கும். தட்டையாகக் கிடக்கும் தகட்டுக்கு மேலிருந்து சமமாகச் சூடு படவேண்டும் என்பதே காரணம். பக்கவாட்டில் மட்டும் சூடேறினால் தகட்டின் ஓரம் விரிந்து நடு விரியாமல் நிற்கும்; தகடு இரண்டாகப் பிளக்கும். மட்பாண்டச் சூளையில் கண்ணாடியைச் சுட முடியாது என்பதில்லை. மிக மெதுவாகச் சூடேற்றி, பொருளைச் சுவரிலிருந்து தள்ளி வைத்துச் சுடுபவர்கள் பலர் உள்ளனர்.

சூளைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் வெப்ப இணை என்னும் உணரி வெப்பநிலையை அளக்கிறது. அதைப் படித்து மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் தருவது கட்டுப்பாட்டுக் கருவி. கலைஞர் இதில் ஒரு சூட்டு அட்டவணையைப் பதிகிறார். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள்: மணிக்கு எத்தனை பாகை வேகம், எந்த வெப்பநிலை வரை, அங்கே எத்தனை நிமிடம் நிற்பது. இக்கருவி வருவதற்கு முன் கலைஞர் இரவெல்லாம் சூளை அருகே விழித்திருந்து, கண்துளை வழியே பார்த்து விசையைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஊர்ச் சூளைகளில் தீயின் நிறத்தைப் பார்த்து விறகைக் கூட்டிக் குறைக்கும் அனுபவசாலியின் இடத்தை இங்கே ஒரு சிறு பெட்டி எடுத்துக்கொண்டது. ஆனாலும் வெப்ப இணை அளப்பது சூளைக்காற்றின் சூட்டையே. தடித்த கண்ணாடியின் நடுப்பகுதி எப்போதும் அதற்குப் பின்தங்கியே இருக்கும். அட்டவணை எழுதுபவர் இந்தப் பின்தங்கலைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வெட்டுதலும் அடுக்குதலும்

கண்ணாடியை வெட்டும் கருவி உண்மையில் வெட்டுவதில்லை. அதன் சிறு எஃகுச் சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறலை மட்டும் இடுகிறது. கீறிய உடனே இடுக்கியால் இரு பக்கமும் அழுத்தம் கொடுத்தால் கீறல் வழியே பிளவு ஓடும். சீரான அழுத்தமும், துணியைக் கிழிப்பது போன்ற மெல்லிய ஓசையும் நல்ல கீறலின் அடையாளம். வளைவுகளைத் திருத்த வைரத்தூள் பதித்த, நீர் சொட்டும் சாணைச் சக்கரம் உதவும். தகடுகள் தவிர, பொடி முதல் பருங்குருணை வரை பல அளவுகளில் சலித்த கண்ணாடியும், நூல் போன்ற இழைகளும், வார்ப்புக்கான கட்டிகளும் விற்கப்படுகின்றன. வெட்டிய துண்டுகளில் எண்ணெயோ விரல் ரேகையோ இருந்தால் சூட்டில் அவ்விடம் மங்கும் என்பதால் கழுவித் துடைத்தே அடுக்க வேண்டும்.

உருகும் கண்ணாடி எதனோடும் ஒட்டும். சூளைப் பலகையில் ஒட்டாமல் இருக்க அலுமினாவும் வெண்களிமண்ணும் கலந்த பிரிபூச்சைப் பால் பதத்தில் நீரில் கரைத்து, மென்தூரிகையால் நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் வேறு திசையில், பூசி உலர்த்துவார்கள். முழு உருக்கத்துக்குப் பின் பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சோம்பல்பட்டு ஒரே பூச்சை இருமுறை பயன்படுத்தினால் தட்டின் அடியில் சுண்ணம் அப்பியது போல வெள்ளைக் கறை ஏறும். அதைப் பின்னர் நீக்குவது கடினம். இதற்கு மாற்றாகச் சூடு தாங்கும் இழைத்தாளையும் விரிக்கலாம். அத்தாளைப் பல அடுக்காக வெட்டி வைத்து அதன்மேல் தகட்டை உருக்கினால், தாளின் வடிவம் தகட்டின் அடியில் பள்ளமாகப் பதியும்.

உருக்கி இணைத்தல்

ஒரே அடுக்கை வெவ்வேறு வெப்பநிலைக்குக் கொண்டுபோனால் வெவ்வேறு பொருள் கிடைக்கும். புல்சை வகைக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 700 பாகையில் கூரிய ஓரங்கள் மழுங்கிப் பளபளப்பாகும். 740 முதல் 760 பாகையில் துண்டுகள் தம் வடிவத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளும். தொட்டால் மேடு தெரியும். இது ஒட்டுருக்கல். 800 பாகையைத் தாண்டினால் மேலடுக்கு கீழடுக்கினுள் அமிழ்ந்து ஒரே தளமாகும். இது முழு உருக்கல். மிதவைக் கண்ணாடிக்கு இவ்வெப்பநிலைகள் இன்னும் சில பத்துப் பாகை கூடுதல். ஓரம் மழுங்கச் சுடுவது பழமையான உத்தி. அரிக்கமேட்டில் செய்யப்பட்ட சிறு மணிகளும் இழுத்த கண்ணாடிக் குழாயை நறுக்கி, நறுக்கிய முனைகள் உருளுமாறு மீண்டும் சூடாக்கி ஆக்கப்பட்டவையே.

முழுதாக உருகிய கண்ணாடி தானாக ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனை நாடும். பரப்பு இழுவிசை அதை உள்ளே இழுக்கிறது, எடை அதைப் பரப்புகிறது. இரண்டும் சமன்படும் இடம் அதுதான். எனவே 3 மி.மீ. தகடு ஒன்றை மட்டும் உருக்கினால் அது சுருங்கி, ஓரம் முள்முள்ளாகும். இரண்டு தகடுகளை அடுக்கினால் அளவு மாறாது. மூன்றை அடுக்கினால் தோசை மாவு போல வெளியே பரவும். பரவாமல் நிறுத்த வேண்டுமானால் சுற்றிலும் சூளைப் பலகைத் துண்டுகளால் அணை கட்ட வேண்டும்.

30 செ.மீ. அளவுள்ள 6 மி.மீ. தட்டுக்கான அட்டவணை எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 220 பாகை வேகத்தில் 677 வரை ஏற்றி அரை மணி நேரம் நிறுத்துவது முதல் கட்டம். இந்த நிறுத்தத்தில் மேல்தகடு மெல்லத் தொய்ந்து, இடையிலுள்ள காற்றை வெளியே தள்ளுகிறது. அவசரப்பட்டு இதைத் தாண்டினால் காற்று கொப்புளமாக ஊதி, சில வேளைகளில் தட்டையே துளைத்துவிடும். பிறகு மணிக்கு 330 பாகை வேகத்தில் 804க்கு ஏற்றி 10 நிமிடம். அங்கிருந்து கூடிய விரைவில் 482க்கு இறக்கி ஒரு மணி நேரம் நிறுத்தி, மணிக்கு 83 பாகையாக 371 வரை இறக்கி, பின் சூளையை நிறுத்திவிடலாம். 804இலிருந்து வேகமாக இறங்குவதற்குக் காரணம் உண்டு. 700 பாகையை ஒட்டிய பகுதியில் நெடுநேரம் இருந்தால் கண்ணாடியின் மேற்பரப்பில் படிகங்கள் முளைத்து, சோப்பு நுரை காய்ந்தது போன்ற மங்கல் படரும்.

அச்சில் தொய்வித்தல்

தட்டையாக உருக்கி எடுத்ததைக் கிண்ணமாக்க, அதை அச்சின் மேல் வைத்து 630 முதல் 680 பாகை வரை இரண்டாம் முறை சூடாக்குவார்கள். கண்ணாடி தன் எடையாலேயே தொய்ந்து அச்சில் அமரும். அச்சு எதனால் ஆனது என்பது இங்கே மிக முக்கியம். சுட்ட களிமண் கண்ணாடியைவிடக் குறைவாகச் சுருங்கும்; துருப்பிடிக்காத எஃகு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். எனவே களிமண் அச்சுக்கு உள்ளே கண்ணாடியைத் தொய்விக்கலாம். ஆறும்போது கண்ணாடி அச்சிலிருந்து விலகி வரும். அதே களிமண்ணைக் கவிழ்த்து, அதன் மேல் கண்ணாடியைப் போர்த்தினால், சுருங்கும் கண்ணாடி அச்சை இறுக்கிப் பிடித்து உடையும். மேலே போர்த்துவதற்கு எஃகு அச்சே ஏற்றது. களிமண் அச்சின் அடியில் காற்றுத்துளை இருக்க வேண்டும். வீட்டிலுள்ள எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிரிபூச்சுப் பூசினால் அதுவே நல்ல அச்சு.

வார்ப்பு

திண்மையான சிற்பங்கள் அச்சில் வார்க்கப்படுகின்றன. மெழுகில் உருவம் செய்து, அதைச் சுற்றி அச்சு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றி, வெற்றிடத்தைக் கண்ணாடியால் நிரப்பும் முறை, சுவாமிமலைச் சிற்பிகளின் செப்புத் திருமேனி வார்ப்பை அறிந்தவர்களுக்குப் புதிதாக இராது. வேறுபாடு நிரப்பும் விதத்தில் இருக்கிறது. உலோகம் வெளியே உருக்கப்பட்டு அச்சில் ஊற்றப்படும். சூளை வார்ப்பில் கண்ணாடி அச்சுக்குள்ளோ, அதன் மேல் வைத்த துளையுள்ள மண் பூந்தொட்டியிலோ கட்டியாக இடப்பட்டு, அச்சும் கண்ணாடியும் ஒன்றாகச் சூடேறும். 830 பாகைக்கு மேல் பல மணி நேரம் நிற்கும்போது அது தேன் போல இறங்கி மூலைமுடுக்குகளை நிரப்பும்.

அச்சு, சம எடையளவு பாரிசு சாந்தும் சிலிக்கா மாவும் நீரில் குழைத்துச் செய்யப்படுகிறது. சாந்து பிடிப்பைத் தருகிறது. சிலிக்கா சூட்டைத் தாங்குகிறது. கண்ணாடி குளிர்ந்ததும் அச்சை உடைத்தே பொருளை எடுக்க வேண்டியிருப்பதால் அது பலவீனமாக இருப்பதும் ஒரு தேவைதான். எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்பதை அறிய, மாதிரியை நீரில் அமிழ்த்தி வெளியேறும் நீரை அளந்து 2.5ஆல் பெருக்கினால் போதும்: 400 மி.லி. நீர் வெளியேறினால் 1 கிலோ கண்ணாடி.

குருணை எவ்வளவு பொடியோ அவ்வளவு காற்றுக் குமிழ்கள் சிக்கும். பொருள் பாலாடை போல ஒளிமங்கி வரும். தெளிந்த வார்ப்பு வேண்டுவோர் கட்டிகளைப் பயன்படுத்துவார்கள். கண்ணாடிப் பிசைவுக் கலைஞர்களுக்கோ அந்த மங்கலே வேண்டும். அவர்கள் வண்ணப் பொடிகளைக் கருவேலம் பிசின் போன்ற பசையில் குழைத்து அச்சின் சுவரில் அப்பி, குறைந்த வெப்பத்தில் சுடுவதால் நிறங்கள் ஓடாமல் வைத்த இடத்திலேயே நிற்கும்.

ஆற்றுதல்

தொழிலில் 'அனீலிங்' என வழங்கும் ஆற்றுதல் இக்கலையின் உயிர்நாடி. கண்ணாடி குளிரும்போது வெளிப்புறம் முதலில் கெட்டிப்படும். உட்புறம் பின்னர் கெட்டிப்பட்டுச் சுருங்கும். கெட்டிப்பட்ட வெளிப்புறம் அதற்கு இடம் கொடாததால் உள்ளே இழுவை தங்கிவிடும். இத்தகைய தகைவு ஓரளவுக்கு மேல் இருந்தால் பொருள் எப்போது வேண்டுமானாலும் உடையலாம். இதைத் தவிர்க்க, கண்ணாடி கண்ணுக்குக் கெட்டியாகத் தோன்றினாலும் அணுக்கள் இன்னும் மெல்ல நகரக்கூடிய ஒரு வெப்பநிலையில், உள்ளும் புறமும் ஒரே சூடாகும் வரை நிறுத்தி, பிறகு அந்தச் சமநிலை கெடாத வேகத்தில் இறக்க வேண்டும். புல்சை வகைக்கு அந்நிறுவனம் பரிந்துரைக்கும் வெப்பநிலை 482 பாகை.

எவ்வளவு நேரம் என்பதைத் தடிமன் முடிவு செய்கிறது. இதில் பலர் ஏமாறுகிறார்கள். தடிமன் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்பது இயல்பு. வெப்பம் உள்ளிருந்து வெளியேறும் நேரமோ தடிமனின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. புல்சையின் அட்டவணைப்படி 25 மி.மீ. தடிமனுள்ள தகடு ஆற ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும், 50 மி.மீ. தடிமனுக்கு 47 மணி, 100 மி.மீ. தடிமனுக்கு 170 மணி, அதாவது ஒரு வாரம். இவை எல்லாப் பக்கமும் சமமாகக் குளிரும் சீரான தகட்டுக்குரியவை. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் உள்ள சிற்பத்துக்கு இன்னும் கூட்ட வேண்டும். ஒட்டுருக்கிய தட்டில் மேடும் பள்ளமும் இருப்பதால் அதன் உண்மைத் தடிமனைப்போல் இரண்டு மடங்கு தடிமன் உள்ளதாகக் கொண்டு ஆற்றுவது வழக்கம்.

இக்கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கலைக்கு வெளியே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. கலிபோர்னியாவின் பலோமர் தொலைநோக்கிக்காக 200 அங்குல விட்டமுள்ள கண்ணாடி வட்டத்தை நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நிறுவனம் வார்த்தது. 1934 மார்ச்சில் நடந்த முதல் வார்ப்பில் அச்சின் உட்கருக்கள் சில பெயர்ந்து உருகிய கண்ணாடியில் மிதந்து வந்ததால் அது பயனற்றுப் போனது. அதே ஆண்டு டிசம்பரில் வார்த்த இரண்டாம் வட்டம் ஏறத்தாழ 10 மாதம் ஆற்றப்பட்டது. இடையே 1935 சூலையில் ஆற்றில் வெள்ளம் வந்து, மின்சாரத்தைச் சில நாள் நிறுத்த வேண்டியதாயிற்று. வட்டம் தப்பியது, அதைச் சுமந்த தொலைநோக்கி 1948இல் அர்ப்பணிக்கப்பட்டது.

மின்தடை அடிக்கடி நேரும் ஊர்களில் இது வெறும் பழங்கதை அன்று. ஆற்றும் கட்டத்தில் மின்சாரம் போனால், சூளையின் மூடியைத் திறக்காமல் விட்டுவைப்பதே முதல் பாதுகாப்பு. குளிர்ந்த பின் அதே பொருளை மெதுவாக மீண்டும் ஆற்றும் வெப்பநிலைக்கு ஏற்றி, மறுபடி முறைப்படி இறக்கலாம், தகைவு கரைந்துவிடும். ஆனால் பொருந்தாத கண்ணாடிகளைச் சேர்த்ததால் வந்த தகைவு எத்தனை முறை ஆற்றினாலும் போகாது. உடைந்த துண்டைப் பார்த்தே காரணத்தை ஓரளவு அறிய முடியும். இரண்டு நிறங்கள் சேரும் கோட்டை ஒட்டியே விரிசல் ஓடியிருந்தால் பொருத்தமின்மை. துண்டின் குறுக்கே பாம்பு போல வளைந்து ஓடியிருந்தால் ஆற்றுதலில் குறை. பிளந்த ஓரங்கள் மழுங்கியிருந்தால் சூடேற்றும்போதே அவசரத்தால் பிளந்து, பின்னர் அதே சூட்டில் ஓரம் உருகியிருக்கிறது.

குளிர்வேலை

சூளையிலிருந்து வந்த பொருளைச் சாணை பிடித்து மெருகேற்றுவது குளிர்வேலை. 80 எண் சிலிக்கன் கார்பைடு தூளில் தொடங்கி, 120, 220, 400 என்று படிப்படியாக மென்மையான தூளுக்குச் சென்று, நுரைக்கல் பொடியில் தேய்த்து, இறுதியில் சீரியம் ஆக்சைடால் பளபளப்பு ஏற்றுவார்கள். முந்தைய தூளின் கீறல் ஒன்றுகூட மிஞ்சாமல் போன பிறகே அடுத்த தூளுக்குப் போக வேண்டும். ஒரு மணல்துகள் தப்பி அடுத்த சக்கரத்துக்கு வந்தாலும் வேலை முழுவதும் முதலிலிருந்து தொடங்க நேரும். ஆகவே ஒவ்வொரு படிக்கும் இடையே பொருளையும் கையையும் மேசையையும் கழுவுவார்கள். மோயே தம் கிண்ணங்களை மெருகேற்றாமல் மங்கலாகவே நிறுத்தியதால், ஒளி மேற்பரப்பில் தெறிக்காமல் நிறத்துக்குள்ளே தங்குவது போலத் தோன்றும்.

உடல்நலமும் சூழலும்

எல்லாச் சாணையும் நீரில் நடக்க வேண்டும். உலர்ந்த கண்ணாடித்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அதைவிடவும் தீங்கானது அச்சுக்கான சிலிக்கா மாவு. அதன் நுண்தூள் நுரையீரலில் படிந்து, கல் குவாரித் தொழிலாளர்களுக்கு வரும் சிலிக்கோசிசு நோயை உண்டாக்கும், அந்நோய் குணமாகாதது. துணியை மூக்கில் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. நுண்தூளை வடிகட்டும் முகமூடியே வேண்டும். அச்சை உடைப்பதற்கு முன் நீர் தெளிப்பதும், பட்டறையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பதும் நல்ல பழக்கங்கள். சூளைக்குள் எட்டிப் பார்ப்பவர் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி அணிய வேண்டும்.

ஆக்கி முடித்த கண்ணாடியை உருக்கும் கலைஞருக்கு நிற உலோகங்களால் ஆபத்து குறைவு. அவை கண்ணாடியோடு பிணைந்துள்ளன. அந்தக் கண்ணாடியை ஆக்கும் இடத்தில் நிலைமை வேறு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் போர்ட்லாந்து மரங்களின் பாசியைச் சேகரித்து ஆராய்ந்ததில், புல்சை தொழிற்சாலையை அடுத்த பகுதியில் காட்மியமும் ஆர்சனிக்கும் மிகுந்திருப்பது தெரியவந்தது. 2016 பிப்ரவரியில் செய்தி வெளியானதும் அண்டைக் குடியிருப்புகளில் அச்சம் பரவியது. நிறுவனம் அவ்வுலோகங்களின் பயன்பாட்டை நிறுத்தி, உலைகளுக்குப் புகை வடிகட்டிகளைப் பொருத்தியது. ஒரிகன் மாநிலம் வண்ணக் கண்ணாடி ஆலைகளுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் '96' வகைத் தகடுகளுக்குப் பெயர்பெற்ற வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்பெக்ட்ரம் ஆலையும் மூடப்பட்டு, அதன் கண்ணாடி வகைகளைக் கலிபோர்னியாவின் ஓஷன்சைடு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் உள்ள பட்டறைகள் இரண்டு மூன்று ஆலைகளையே நம்பியிருந்ததால், சிவப்பும் மஞ்சளும் வேண்டிய பல கலைஞர்கள் அவ்வாண்டு தம் அலமாரியில் மிஞ்சியிருந்த தகடுகளை எண்ணி எண்ணி வெட்ட வேண்டியிருந்தது.